ஆறு சுவிட்சுகளை வளையமாக இணைப்பது: கடைசிக் கேபிளைச் செருகுவதற்கு முன்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் வேலை செய்யும் டெக்னீஷியன் கேட்டிருப்பது இதுதான். எடைமேடை, ஸ்டெரிலைசர், பிரஸ், பாயிலர், டர்பைன் அறை, கழிவுநீர்க் குளம் என ஆறு இடங்களில் ஆறு நெட்வொர்க் சுவிட்சுகள் (கருவிகளின் கேபிள்களை ஒன்றுசேர்த்து டேட்டாவை அனுப்பும் பெட்டிகள்), ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஃபைபரில் இணைந்திருக்கின்றன. நடுவில் ஒரு கேபிள் அறுந்தால் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் கண்ட்ரோல் அறைத் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆறாவது சுவிட்சிலிருந்து முதலாவதற்கு இன்னொரு கேபிள் இழுத்து வட்டமாக்கிவிட்டால் போதும் என்கிறார் சாமான் விற்றவர். ஆனால் ஆபீசில் ஒருநாள் ஒரு சின்ன சுவிட்சில் தெரியாமல் அப்படி ஒரு கேபிளைச் செருகியதும் மொத்த நெட்வொர்க்கும் நின்றுபோயிருக்கிறது. யாரை நம்புவது? கூடவே ஒரு சிக்கல்: நான்கு சுவிட்சுகள் ஒரு பிராண்ட், இரண்டு வேறு பிராண்ட்.

விற்றவர் சொன்னதும் சரி, ஆபீசில் நடந்ததும் சரி. வட்டமாக்கினால் நெட்வொர்க் பிழைக்கும், வட்டமாக்கினால் நெட்வொர்க் சாகும். எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள் அல்ல, அதைச் செருகும் முன் சுவிட்சுக்குள் என்ன செட் செய்திருக்கிறீர்கள் என்பதுதான்.

ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது கேபிளில் போகும் ஒவ்வொரு டேட்டா பொட்டலத்துக்கும், ஆயுள் கணக்கு கிடையாது. ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்துகொண்டே வரும் எண் ஒன்று உண்டு; ஈதர்நெட் ஃபிரேமில் அது இல்லை. ஒரு கருவி எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட் வளையத்துக்குள் நுழைந்தால் இரண்டு திசையிலும் சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் போர்ட்டிலும் ஒரு நகல் வெளியேறும். 100 மெகாபிட் லிங்க்கில் மிகச் சிறிய ஃபிரேம்கள் வினாடிக்கு ஏறக்குறைய 148,800 வரை போகும். ஒவ்வொரு பிராட்காஸ்டையும் பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். அதனால் சில வினாடிகளில் பிஎல்சி மூச்சுத் திணறும், எச்எம்ஐ (இயக்குபவர் பார்க்கும் திரை) உறையும், எல்லா சுவிட்சிலும் எல்லா விளக்கும் இடைவெளியே இல்லாமல் ஒன்றாகத் துடிக்கும். அந்தத் துடிப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து ஆராயாதீர்கள். வளையக் கேபிளில் ஒன்றைக் கழற்றுங்கள், இந்த பிராட்காஸ்ட் புயல் அடங்கிவிடும்.

இதைத் தடுக்க சுவிட்சுக்குள் செட் செய்யும் வளைய நெறிமுறை செய்வது ஒரே வேலை. வட்டத்தில் ஓர் இடத்தில் கேபிளைக் கழற்றாமலே போர்ட்டை அடைத்து வைக்கிறது. வேறு எங்காவது அறுந்தால் அந்த அடைப்பைத் திறக்கிறது. அடைத்து வைக்கும் சுவிட்சுக்கு ரிங் மேனேஜர் என்று பெயர் (ஆலை மேனேஜருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டு பேர் இருந்தால் குழப்பம் என்பது மட்டும் பொது). மேனேஜர் தன் இரண்டு வளைய போர்ட்டிலிருந்தும் சோதனை ஃபிரேம்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவை சுற்றி வந்து சேர்ந்தால் வட்டம் முழுசு. வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. உடனே அடைப்பைத் திறந்து, பழைய மேக் முகவரி அட்டவணையை (எந்தக் கருவி எந்தப் போர்ட் பக்கம் இருக்கிறது என்ற குறிப்பை) அழிக்கும்படி மற்றவற்றுக்குச் சொல்லும். இந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. அட்டவணை அழியாவிட்டால் சுவிட்ச் பழைய திசையிலேயே டேட்டாவை அனுப்பிக்கொண்டிருக்கும். வழக்கமான ஆயுள் 300 வினாடி என்பதால் ஐந்து நிமிடம் வரைக்கும் அது நீளலாம். மேனேஜ் செய்யமுடியாத மலிவு சுவிட்ச் ஒன்றை வளையத்தின் நடுவில் வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நல்ல நாளில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்யும். அறுந்த அன்றைக்குத்தான் காலை வாரும்.

எந்த நெறிமுறை என்பதில் பிராண்டு கலப்பு உங்கள் கையைக் கட்டிவிடுகிறது. மொக்ஸாவின் டர்போ ரிங், வெஸ்டர்மோவின் எஃப்ஆர்என்டி, ஹிர்ஷ்மானின் ஹைப்பர் ரிங் போன்றவை அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. வேகமானவை, ஆனால் அடுத்த பிராண்டோடு பேசாது. எல்லோருக்கும் பொதுவான தரநிலை என்றால் மூன்றைச் சொல்லலாம். முதலாவது ஆர்எஸ்டிபி, 2001இல் 802.1டபிள்யூ என வந்தது. இரண்டாவது எம்ஆர்பி, ஐஇசி 62439-2. ஒரு வளையத்தில் 50 சுவிட்சு வரை, வழக்கமான செட்டிங்கில் அதிகபட்சம் 200 மில்லிவினாடிக்குள் மீளும். மூன்றாவது இஆர்பிஎஸ், ஐடியு ஜி.8032, 50 மில்லிவினாடிக்குள் மாறுவதை இலக்காகக் கொண்டது, தொலைத்தொடர்புக்காரர்கள் உலகத்திலிருந்து வந்தது. ஒரு கணம்கூட இழப்பே கூடாது என்றால் எச்எஸ்ஆர், பிஆர்பி என்று ஐஇசி 62439-3இல் இருக்கிறது. அது மின்நிலையப் பாதுகாப்புக்கானது. எண்ணெய் ஆலைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கு உங்கள் நெட்வொர்க்கில் என்ன ஓடுகிறது என்பதே பதில். ஸ்காடா கணினி (ஆலை முழுவதையும் கண்காணிப்பது) ஒவ்வொரு பிஎல்சியையும் வினாடிக்கு ஒருமுறை மோட்பஸ் டிசிபி என்ற நெறிமுறையில் கேட்டு அழுத்தத்தையும் வெப்பத்தையும் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான் என்றால் அரை வினாடித் தடங்கலை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஸ்டெரிலைசரில் ஒரு குலைச்சுமை வேக ஒன்றரை மணி நேரம் ஆகிறது; அங்கே 20 மில்லிவினாடி, 200 மில்லிவினாடி என்று விலைப் பட்டியலில் ஒப்பிடுவதில் பொருளில்லை. பிஎல்சி தன் ரிமோட் ஐஓ பெட்டியோடு (தூரத்து சென்சார், வால்வு வயர்கள் சேரும் பெட்டி) இதே வளையத்தின் வழியாகப் பேசுகிறது என்றால் கதை வேறு. அதற்குப் பயன்படும் புரோஃபிநெட் நெறிமுறையில் அப்டேட் நேரம் 8 மில்லிவினாடி, மூன்று முறை டேட்டா வராவிட்டால் கோளாறு என்ற வழக்கமான செட்டிங்கில் 24 மில்லிவினாடியிலேயே பிஎல்சி நின்றுவிடும். வளையம் 200 மில்லிவினாடியில் ஒழுங்காக மீண்டாலும் பயனில்லை. அந்த மூன்றை முப்பதாக்கினால் 240 மில்லிவினாடி கிடைக்கும், எம்ஆர்பி அதற்குள் மீண்டுவிடும். வளையத்தை மட்டும் செட் செய்து இதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. பழி சுவிட்சின் மேல் விழும்.

ஆறு சுவிட்சிலும் எம்ஆர்பி இருந்தால் அதை எடுங்கள். இரண்டில் இல்லை, ஸ்காடா மட்டும்தான் ஓடுகிறது என்றால் ஆர்எஸ்டிபியே போதும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. லிங்க் போனதை சுவிட்சே நேரடியாக உணரும்போது ஆறு சுவிட்ச் வட்டத்தில் அது பொதுவாக ஒரு வினாடிக்குள் மீளும். எந்தப் போர்ட்டை அடைப்பது என்ற ஆர்எஸ்டிபி கணக்குக்கு மையமாக நிற்கும் ரூட் சுவிட்சே செத்தால் சில வினாடிகள் ஆகலாம். அதனால் ரூட் யார் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடாதீர்கள். எல்லாமே 32768 என்ற முன்னுரிமை எண்ணோடு வருகின்றன; சிறிய எண்ணே ஜெயிக்கும். அப்படியே விட்டால் மேக் முகவரி சிறியதாக இருப்பது, அதாவது அநேகமாகப் பழையது, ரூட் ஆகிவிடும். கண்ட்ரோல் அறைக்கு அருகில் இருப்பதற்கு 4096, அதற்கு அடுத்ததற்கு 8192 கொடுங்கள். பிஎல்சி, எச்எம்ஐ செருகிய போர்ட்டுகளை எட்ஜ் என்று குறியுங்கள். குறிக்காவிட்டால் பிஎல்சி ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தப் போர்ட் 30 வினாடி வாய் திறக்காமல் இருக்கலாம். மூன்றாவது வழியும் உண்டு: ஒரே பிராண்டான நான்கையும் அவற்றின் சொந்த வளையத்தில் போட்டு, மற்ற இரண்டை ஒற்றைக் கேபிளில் கிளையாக விடுவது. எடைமேடையும் கழிவுநீர்க் குளமும் அந்த இரண்டாக இருந்தால் அதுவே நியாயமான ஏற்பாடு; எடைமேடை கொஞ்ச நேரம் காகிதத்தில் எழுதி ஓட்டலாம், பாயிலரை அப்படி ஓட்டமுடியாது. மாடல் எண்கள் கேள்வியில் இல்லாததால் இந்த மூன்றில் எது உங்களுக்கு என்று இங்கிருந்து முடிவு சொல்ல இயலாது.

இனி கேபிள். வளையம் ஒரே ஓர் அறுப்புக்குத்தான் தாங்கும். இரண்டு இடத்தில் அறுந்தால் நடுவில் உள்ளவை தீவாகிவிடும். அதனால் திரும்பி வரும் கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதே முதல் கேள்வி. ஏற்கனவே போட்ட 12 இழை ஃபைபரில் மிச்சம் இருக்கும் இரண்டு இழையைத் திரும்பும் பாதையாக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். ஓர் இழையோ ஓர் எஸ்எஃப்பியோ (ஃபைபரை சுவிட்சோடு இணைக்கும் ஒளி மாட்யூல்) கெட்டால் அது உதவும். கால்வாய் தூர் வாரும் பேக்ஹோ பல் பட்டால் பன்னிரண்டு இழையும் ஒன்றாகப் போகும். திரும்பும் கேபிளை ஆலையின் மறுபக்கமாக, வேறு குழாயில், முடிந்தால் ஒன்று மண்ணுக்குள்ளும் மற்றது கூரையோர டிரேயிலுமாக இழுங்கள். கடைசியிலிருந்து முதலுக்கு அவ்வளவு நீளம் இழுக்கக் காசில்லை என்றால் ஒன்றுவிட்டு ஒன்று தாவும் முறை உண்டு: 1, 3, 5, 6, 4, 2, மறுபடி 1. இதில் நீண்ட கேபிளே தேவைப்படாது. ஆனால் எல்லாம் ஒரே டிரேயில் ஓடும், பேக்ஹோவுக்கு எதிராகப் பாதுகாப்பு இல்லை. சுவிட்ச் சாவதற்கு மட்டும்தான் அது மருந்து.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போட்டிருப்பது நல்லது, அதை மாற்றாதீர்கள். நம் பக்கம் இடி மின்னலுக்குக் குறைவில்லை. 60 மீட்டர்தானே என்று செம்புக் கேபிள் போட்டால், 100 மீட்டர் எல்லைக்குள் இருந்தாலும், மின்னல் விழும்போது இரு கட்டட எர்த்துக்கும் இடையில் எழும் மின்னழுத்தம் அந்தக் கேபிளைத்தான் தேடி வரும். உலோகமே இல்லாத ஃபைபர் மின்னலுக்கு உகந்தது, ஆனால் எலிக்கும் உகந்தது. தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக் கூடு வைப்போம், கேபிள் டிரேக்குள் ஆந்தை வராது. எனவே உலோகமில்லாத ஃபைபரைக் குழாய்க்குள் விடுங்கள். இரும்புக் கவச ஃபைபர்தான் கிடைத்தது என்றால் கவசத்தைக் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே எர்த் செய்து நிறுத்துங்கள், சுவிட்ச் பெட்டிவரை கொண்டுவராதீர்கள்.

ஒளியின் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுங்கள். சிங்கிள் மோடு, 1310 நானோமீட்டர், 600 மீட்டர் என்றால் கேபிளில் கால் டெசிபெல், இரண்டு கனெக்டருக்கு ஒரு டெசிபெல், இரண்டு ஸ்பிளைசுக்கு (இழை ஒட்டு) 0.2, ஆக ஒன்றரை டெசிபெல் இழப்பு. இது மிகக் குறைவு. ஆபத்து மறுபக்கத்திலிருந்துதான் வரும். கையிருப்பில் இருந்தது என்று 80 கிலோமீட்டர் எஸ்எஃப்பியை இந்த 600 மீட்டரில் செருகினால் எதிர்முனை ரிசீவர் வெளிச்சம் தாங்காமல் பிழை விடும், கெட்டும் போகலாம். 10 கிலோமீட்டர் வகை போதும். பச்சைக் கனெக்டரை நீலத்தில் செருகாதீர்கள். முனை சாய்வாக வெட்டியது ஒன்று, நேராக வெட்டியது மற்றது, நடுவில் இடைவெளி விழும். மல்டி மோடையும் சிங்கிள் மோடையும் கலக்காதீர்கள். கிகாபிட் லிங்க்கில் ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் தங்களுக்குள் நிலையைச் சொல்லிக்கொள்வது) அணைக்காதீர்கள். இரண்டு இழையில் ஒன்று மட்டும் கெடும்போது இரு முனைக்கும் அது தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஒரு திசை சோதனை ஃபிரேம் வந்துகொண்டே இருக்க, மேனேஜர் வட்டம் முழுசு என்று நம்பிக்கொண்டிருக்கும், மறு திசை டேட்டா குழியில் விழும். பாதையில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்பையும் இணைக்கும் பெட்டி) இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு எஸ்எஃப்பியை நேரடியாகச் செருகுங்கள். அது ஃபைபர் அறுந்ததை செம்புப் பக்கத்துக்குச் சொல்லாமல் மறைத்தால், ஆர்எஸ்டிபி இரண்டு வினாடிக்கு ஒருமுறை வரும் ஹலோ செய்தி மூன்று தவறும்வரை, அதாவது ஆறு வினாடி, காத்திருக்கும்.

மின்சாரத்தில்தான் பல வளையங்கள் பொய்யாகின்றன. பிரஸ்ஸிலும் ஸ்டெரிலைசரிலும் உள்ள இரண்டு சுவிட்சுக்கும் ஒரே 24 வோல்ட் பவர் சப்ளை என்றால் அது செத்ததும் இரண்டு சுவிட்ச் ஒன்றாகப் போகும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பிழைப்பீர்கள். இடையில் வேறொரு சுவிட்ச் இருந்தால் அது தீவு. இரண்டு மின் உள்ளீடு உள்ள மாடல் என்றால் இரண்டையும் வெவ்வேறு சப்ளையிலிருந்து கொடுங்கள். ஒரே சப்ளையிலிருந்து இரண்டு வயர் இழுப்பது அலங்காரம். டர்பைனிலிருந்து ஜென்செட்டுக்கு மாறும் அந்தச் சில வினாடி இருட்டில் எல்லா சுவிட்சும் ஒன்றாக விழுந்து எழும். எழ ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகும். எந்த வளைய நெறிமுறையும் இதற்கு உதவாது, சின்ன டிசி யுபிஎஸ்தான் உதவும்.

இப்போது வரிசை. ஆறையும் மேசை மேல் வையுங்கள், ஒன்றோடொன்று இணைக்காமல். ஒவ்வொன்றாக ஐபி முகவரி, பெயர், நெறிமுறை, எந்த இரண்டு போர்ட் வளையத்துக்கு என்பதைக் கொடுங்கள். சில மாடல்களில் குறிப்பிட்ட போர்ட்டுகள் மட்டுமே வளையத்துக்கு ஆகும். ஐந்து கிளையண்ட் (மேனேஜர் சொல்வதைக் கேட்பவை), ஒரே ஒரு மேனேஜர். மேனேஜரே இல்லாவிட்டால் அடைப்பவர் இல்லை, புயல் உறுதி. எம்ஆர்பி என்றால் டொமைன் அடையாளம் (வளையத்தின் அடையாள எண்) ஆறிலும் ஒன்றாக இருக்கட்டும், வளைய போர்ட்டுகளில் ஆர்எஸ்டிபியை அணையுங்கள். விஎல்ஏஎன் (ஒரே கேபிளில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்) வைத்திருந்தால் எல்லா விஎல்ஏஎன்னும் எல்லா வளைய போர்ட்டிலும், இரண்டு பக்கமும், இருக்கவேண்டும். ஒன்றில் விடுபட்டால் இன்றைக்கு எதுவும் தெரியாது. டேட்டா அந்தப் பக்கம் திரும்பும் நாளில் கேமரா மட்டும், அல்லது பாயிலர் மட்டும், காணாமல் போகும். முடிந்ததும் ஒவ்வொன்றிலும் செட்டிங்கை நிரந்தரமாகச் சேமித்தீர்களா என்று பாருங்கள். பல சுவிட்சுகளில் அப்ளை வேறு, சேவ் வேறு. சேமிக்காத மேனேஜர் அடுத்த மின்தடைக்குப் பின் மேனேஜராக எழாது. அதனால் மேசையிலேயே மின்சாரத்தை எடுத்துக் கொடுத்து, செட்டிங் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் மாட்டவேண்டும். மாட்டும்போது ஐந்து லிங்க் மட்டும். எல்லா பிஎல்சியும் தெரிகிறதா பாருங்கள். கடைசி ஆறாவது கேபிளைச் செருகி, மேனேஜர் பக்கத்தில் வட்டம் மூடியது என்று வருகிறதா, ஒரு போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபீஸ் நெட்வொர்க்கை வளையத்தோடு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இணையுங்கள். எடைமேடையில் ஒன்று, கண்ட்ரோல் அறையில் ஒன்று என இரண்டு கேபிள் போனால் அது இரண்டாவது வட்டம், எம்ஆர்பிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேமராக்களையும் எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு 4 மெகாபிட் வீதம் 16 கேமரா 64 மெகாபிட். வளையம் அறுந்ததும் அவ்வளவும் ஒரே திசையில் ஒரே 100 மெகாபிட் லிங்க்கில் நெருக்கும்.

சோதனையில் சோம்பல் கூடாது. ஆறு லிங்க்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி செருகி, அடுத்து ஆறு சுவிட்சையும் ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பி, மேனேஜரையும் சேர்த்து. மேனேஜர் அணைந்தால் மற்றவை ஒரு கோடாக நின்று ஓடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பச் செருகும்போதுதான் சிலவற்றில் ஒரு வெட்டு வரும், அதையும் குறித்துவையுங்கள். இஆர்பிஎஸ் என்றால் வழக்கமாக ஐந்து நிமிடம் கழித்துத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், கெட்டுவிட்டது என்று கை வைக்காதீர்கள். விண்டோஸ் பிங் வினாடிக்கு ஒன்றுதான் அனுப்பும். 200 மில்லிவினாடி வெட்டு இரண்டு பிங்குக்கு நடுவில் நழுவிவிடும். லினக்ஸ் லேப்டாப்பில் 10 மில்லிவினாடிக்கு ஒரு பிங் விட்டு, தவறியவற்றைப் பத்தால் பெருக்கினால் எத்தனை மில்லிவினாடி என்பது வந்துவிடும். ஆலை ஓடாத நாளில் செய்யுங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது, கேள்வியில் இல்லாத ஒன்று. வளையம் போட்டபின் முதல் அறுப்பு யாருக்கும் தெரியாது. திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், ஆலை ஓடும், நெட்வொர்க் ஒற்றைக் காலில் நிற்கும். ஆறு மாதம் கழித்து இரண்டாவது அறுப்பு வரும்போது, வளையம் இருந்தும் பயனில்லை என்பார்கள். அந்தக் கேபிள் போனது ஆறு மாதத்துக்கு முன்பே. இந்தத் தொழில்துறை சுவிட்சுகளில் பெரும்பாலும் கோளாறை வெளியே சொல்லும் ஃபால்ட் ரிலே என்று இரண்டு முனை இருக்கும், முக்கால்வாசிப் பெட்டிகளில் அதில் வயரே மாட்டியிருக்காது. மேனேஜர் சுவிட்சின் ரிலேயைப் பக்கத்து பிஎல்சியின் ஓர் இன்புட்டில் கட்டுங்கள். வளையம் திறந்தால் ரிலே விழும்படி செட் செய்து, ஸ்காடாவில் சிவப்பு அலாரமாக்குங்கள். ஒரு ரிலேயும் இரண்டு மீட்டர் வயரும்தான் செலவு. லூசான கனெக்டர் கேபிள் அறுந்ததைவிட மோசம். பிரஸ் அதிர்வில் லிங்க் போய்ப் போய் வரும், ஒவ்வொரு முறையும் அட்டவணை அழியும். அலாரப் பட்டியலில் ஒரே போர்ட் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அந்தக் கனெக்டரைத் துடைத்து இறுக்குங்கள்.

பாயிலர் நீர்மட்டம் தாழ்ந்தால் தீயை நிறுத்துவது, டர்பைன் டிரிப், அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை இந்த வளையத்தின் வழியாகப் போகக்கூடாது. அவை தனி வயரில் நேரடியாக இருக்கவேண்டும், நெட்வொர்க் முழுவதும் செத்தாலும் வேலை செய்யவேண்டும்.

ஒரு சுவிட்ச் கெட்டு மாற்றும்போது, பெட்டியிலிருந்து எடுத்த புதியதில் இரண்டு வளையக் கேபிளையும் அப்படியே செருகிவிடுவார்கள். கெட்டது மேனேஜராக இருந்தால் அந்தக் கணமே புயல் எழலாம். ஒரு கேபிளை மட்டும் செருகி, சேமித்து வைத்த செட்டிங்கை ஏற்றி, மேனேஜர் என்று காட்டுகிறதா பார்த்து, பிறகு இரண்டாவதைச் செருகுங்கள். செட்டிங் கோப்பை லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். தீபாவளி லீவில் நீங்கள் ஊரில் இல்லாதபோது வேலைக்கு வருபவர் பேனல் கதவைத்தான் திறப்பார். கோப்பு இருக்கும் யுஎஸ்பியும் ஒரு எஸ்எஃப்பியும் அங்கே ஒரு பையில் தொங்கட்டும், எந்தக் கேபிளை முதலில் கழற்றவேண்டும் என்று அந்தக் கேபிளிலேயே ஒரு சிவப்பு டேக் கட்டியிருக்கட்டும்.